சீர் வண்டி பின்னால் போகாது

எனக்கென்று ஒரு கார் இருந்ததில்லை. மற்றவர்களுடைய கார்களை ஓட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. காரைக்குடியில் என்னைப் போன்றவர்களை ஆக்டிங் டிரைவர் என்பார்கள். வீட்டு டிரைவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சாலை பிடிபடாமல் போனாலோ கூப்பிடுவார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். எனக்கு அது ஒத்துப்போகிறது. ஓரிடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சையை நான் எழுதவில்லை. அந்த வாரம் ஒரு லாரியில் ஏறி நாக்பூர் போய்விட்டேன். கிளீனர் வேலை. லாரிக்கு அடியில் படுக்கை, மழை பெய்தால் மேலே தார்ப்பாய்க்குள். ஜாக்கி வழுக்கி இடது கைச் சுண்டுவிரல் போனது அந்த நாட்களில்தான். கொஞ்ச நாள் வலித்தது, பிறகு ஆறிவிட்டது. ஒன்பது விரலால் முடியாது என்று சொல்லும்படியான வேலை எதுவும் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. பிறகு கோயம்புத்தூரில் ஒரு பட்டறை. அதன் பிறகு வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு பெரிய குடும்பத்துக்கு டிரைவர். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வெளிநாட்டு வண்டிகளை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எது நல்ல வண்டி, நம் ஊரில் செய்ததா, அங்கிருந்து வருவதா என்று டீக்கடையில் என்னிடம் கேட்பார்கள். இரண்டு விதத்தையும் ஓட்டியவன் என்பதால் என் தீர்ப்புக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. நான் நேரடியாகப் பதில் சொன்னதில்லை. இரண்டு கதைகளைச் சொல்வேன்.

பாலைவனத்தில் ஒருமுறை மணற்காற்று பிடித்துக்கொண்டது. எதிரே நீட்டிய கை தெரியவில்லை. பின்சீட்டில் அந்த வீட்டுப் பெண்மணியும் இரண்டு குழந்தைகளும். ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். வெளியே மணல் கதவு உயரத்துக்கு ஏறி மூடப் பார்த்தது. உள்ளே குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. காற்று அடங்கியதும் கியரைப் போட்டேன். வண்டி தூக்கத்திலிருந்து எழுந்த யானை மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மணலைவிட்டு வெளியே வந்தது. அன்று அந்த வண்டியின் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதே வண்டி பிறகு ஒருநாள் நகரத்துக்கு நடுவில், நல்ல சாலையில், ஒரு சுண்டைக்காய் அளவுச் சென்சார் போய் நின்றுவிட்டது. அந்தச் சென்சார் கடல் கடந்து வர ஆறு நாள் ஆயிற்று. ஆறு நாளும் அது ராஜா மாதிரி நிழலில் படுத்துக் கிடந்தது.

இன்னொரு கதை, நம் ஊர்ச் சின்னக் கார். அறந்தாங்கிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பின்பக்கச் சைலன்சர் கழன்று தரையில் இழுபட்டது. பக்கத்தில் சைக்கிள் கடைதான் இருந்தது. கடைக்காரர் சைக்கிள் செயினை அறுத்து அதைக் கட்டித் தொங்கவிட்டார். அது அப்படியே ஒன்றரை வருடம் தொங்கியது. அதே காரில் லாரி கடக்கும்போது கதவு நடுங்குவதையும் உணர்ந்திருக்கிறேன். தகரம் அவ்வளவு மெல்லிசு. மோதினால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஓட்டுவதுதான் அந்தக் காரை ஓட்டும் முறை.

இரண்டையும் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். போன தை மாதத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். சென்னையிலிருந்து ஒருவர் தம் வெளிநாட்டு வண்டியில் காரைக்குடிக்கு வந்திருந்தார். அவருடைய டிரைவருக்கு வந்த இடத்தில் வயிற்றுப்போக்கு. இந்த மாதிரி வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று லாட்ஜ்காரர் என்னைச் சொல்லியிருக்கிறார். போனேன். கறுப்பு நிறம், என் நெஞ்சு உயரத்துக்குப் பானெட். பார்த்ததும் பழைய முதலாளி வீட்டு வாசலுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

வந்தவர் இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டில் சம்பாதித்து, இப்போது சென்னையில் தொழில். தங்கை மகளுக்குக் காதுகுத்து, அவர் தாய்மாமன். நெற்குப்பையைத் தாண்டி ஒரு கண்மாய், அதன் அக்கரையில் தங்கை வீட்டாரின் கருப்பர் கோயில். பத்தரைக்கு இராகு காலம் தொடங்குவதற்குள் குத்தியாக வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியில் நான்கு பேர். முன்னால் நானும் மாமனும். அவருக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலையில் உருமால். பின்னால் அவருடைய மனைவியும், அவருடைய பெரியம்மாவும், இரண்டு பேருக்கும் நடுவே சீர்த் தாம்பாளங்களில் முக்கியமான மூன்றும். மீதிப் பதினெட்டுத் தாம்பாளங்களும் ஓர் ஆட்டுக்கிடாயும் சொந்தக்காரர்களும் பின்னால் ஒரு வேனில்.

கிளம்பியதும் வண்டி கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. பின்சீட்டில் நடுவில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று திரையில் எழுத்து. நடுவில் இருந்தது தேங்காய்த் தாம்பாளம்.

"என்னவாம் டிரைவரண்ணே?" என்றார் மாமன்.

"நடுவுல ஓராளு இருக்காருன்னு நெனைக்குது சார். பெல்ட்டுப் போடச் சொல்லுது."

பெரியம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். "பதினோரு தேங்கா. ஆளுக்குள்ள கனம் இருக்கத்தான் செய்யும். போட்டு விட்ருவோமா?"

வண்டியை ஓரமாக நிறுத்தி, தேங்காய்க்குப் பெல்ட் போட்டுவிட்டேன். சத்தம் நின்றது. "நல்ல புத்தியுள்ள வண்டிதான். யாரு மனுசன், யாரு தேங்கான்னுதான் தெரியல" என்றார் பெரியம்மா. அந்தக் குடும்பத்தில் யாரும் சட்டென்று சிரிப்பவர்களாகத் தெரியவில்லை. ஆனால் எல்லார் முகமும் கொஞ்சம் இளகியது.

பிள்ளையார்பட்டியில் இறங்கிச் சிதறுகாய் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். அங்கே கூட்டம். திட்டமிட்டதற்கு மேல் அரை மணி நேரம் போய்விட்டது. மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் அவருடைய மனைவிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். டிரைவரிடம் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். நாளை இவன் இருக்கமாட்டான் என்கிற தைரியம்.

மூன்று வருடத்துக்கு முன்பு தங்கை புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். அண்ணன் அப்போது வெளிநாட்டில். ஒரு வேலையை விட்டுவிட்டு வரமுடியவில்லை. ஆள் வைத்துச் சீரை அனுப்பினார், குறைவில்லாத சீர். தங்கை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஆள் வராத சீரு எனக்கெதுக்கு" என்று ஒரே வார்த்தை. அதிலிருந்து பேச்சில்லை. மகளுக்கு மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டிய காது, ஐந்து ஆகியும் குத்தவில்லை. "பள்ளிக்கூடத்துல மத்தப் பிள்ளைக கேலி பண்ணுதுகளாம். ஆத்தாகாரி அசையலை. மாமன் மடி இல்லாமக் குத்தமாட்டேன்னு சொல்லிட்டா. இவுகளும் கூப்பிடட்டும்னு இருந்தாக. கடைசியில இந்தா இருக்காகளே, இந்தப் பெரியத்தைதான் போயிப் பேசி, நாள் குறிச்சுட்டு வந்தாக" என்றார் அவர்.

மாமன் முன்னால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கும் நான் போகலைன்னா" என்று ஆரம்பித்து, கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

நெற்குப்பையைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஏறினோம். கரைமேல் மண்சாலை, ஒரு வண்டி அகலம். இடப்பக்கம் தண்ணீர். இந்த வருடம் நல்ல மழை, கண்மாய் நிறைந்து நாணல் வரை அலையடித்தது. வலப்பக்கம் பள்ளத்தில் நெல், அறுப்புக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருக்கும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோயில் தெரிந்தது. சாமியானா, நாற்காலிகள், ஆட்கள் எறும்பு மாதிரி. மாமன் கண்ணாடியை இறக்கி அதையே பார்த்துக்கொண்டு வந்தார். மணி ஒன்பதே முக்கால்.

பாதிக் கரையில், மடை இருக்கும் இடத்தில், எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நம் ஊர்ச் சின்னக் கார், தெருவுக்குப் பத்து நிற்குமே, அது. முன்கண்ணாடி மேல் மாலை. அதன் பின்னால் கொட்டுக்காரர்கள் இரண்டு பேர், தாம்பாளம் ஏந்திய பெண்கள் ஒரு பத்துப் பேர், நாலைந்து ஆண்கள்.

காரை ஓட்டி வந்தவர் இறங்கி என் பக்கம் வந்தார். முப்பத்தைந்து வயது, அவரும் பட்டு வேட்டி, உருமால்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால எடுத்துக்கங்கண்ணே. நாங்க சீரு கொண்டு போறோம்."

"நாங்களும் சீருதான் தம்பி."

குனிந்து உள்ளே பார்த்தார். பெல்ட் போட்ட தேங்காயையும் பார்த்தார். "எங்குட்டு?"

"கருப்பர் கோயிலுக்கு. காதுகுத்து."

"நாங்க நெற்குப்பை மண்டபத்துக்கு. அக்கா மக சடங்கு. பத்தரைக்குள்ள சபையில வைக்கணும்."

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீர் கொண்டு போகிற வண்டி பின்னால் போகக்கூடாது. மாட்டு வண்டிக் காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. மாட்டைப் பின்னால் நடக்க வைப்பது அவ்வளவு லேசில்லை. மாடு போய்க் கார் வந்தது, காரில் ரிவர்ஸ் கியரும் வந்தது, ஆனால் வழக்கம் அப்படியே இருக்கிறது. சீர் வண்டி ஓட்டப் போகும்போதெல்லாம் வீட்டுப் பெண்களில் ஒருவராவது என்னிடம் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஓர் அடி பின்னால் போனாலும் சீர் திரும்பியதாகத்தான் கணக்கு. ஏற்கெனவே ஒருமுறை உண்மையாகவே சீர் திரும்பிய குடும்பம் இது.

"பின்னால கின்னால எடுத்துராதப்பா" என்றார் பெரியம்மா, நான் கேட்பதற்கு முன்பே.

மாமன் என் பக்கம் திரும்பினார். "டிரைவரண்ணே, நாலு சக்கரமும் இழுக்கும்ல? கண்மாய்க்குள்ள இறக்கி, அவுக வண்டியச் சுத்தி அங்குட்டு ஏத்திரலாம்ல? அதுக்குத்தானே வாங்குனது."

இறங்கிப் போய், ஒரு கருவேலங்கம்பை ஒடித்துத் தண்ணீர் ஓரத்தில் குத்திப் பார்த்தேன். கம்பு முழங்கை ஆழம் இறங்கியது. எடுக்கும்போது வரமாட்டேன் என்றது. பாலைவன மணல் வேறு, கண்மாய்க் களிமண் வேறு. மணலில் காற்றைக் குறைத்துவிட்டு ஏறிவிடலாம். களி, கனமான வண்டி என்றால் விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"இழுக்கும் சார். நாலும் சேந்து கீழ இழுக்கும். வண்டி ரெண்டரை டன்னு."

வயலில் ஓர் ஆள் மண்வெட்டியோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பியதும், "இங்குட்டு இறங்குனா என் நெல்லு. அங்குட்டு இறங்குனா ஒங்க வண்டி. யோசிச்சு இறங்குங்க" என்றார்.

பின்னால் வேன்காரர் ஹாரன் அடித்தார். எதிரே கொட்டு நின்றுபோயிருந்தது. எல்லாரும் சாலையில் இறங்கிவிட்டார்கள். மாமனும் பெரியம்மாவும் மட்டும் இறங்கவில்லை. மாமன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தார். அங்கே சிலர் கரை ஓரமாக வந்து நம் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

எதிர் மாமன் தம் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காருக்கு இடப்பக்கம் மடைமேடை. அரை அடி உயரச் சிமெண்டு மேடை, சின்னக் கார் ஒன்று நிற்கிற அளவுதான் நீளம். ஓட்டி ஏற்றலாம் என்றால், முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை எடுத்து வளைத்தால்தான் ஏறும். பின்னால் போகக் கூடாதே.

"தூக்கி வச்சிருவோமா?" என்றார் அவர், பானெட்டைத் தட்டி. "நானும் இதுவும் சேந்தே முக்கா டன்னு தேறாது. ஒங்க வண்டியத் தூக்கணும்னா சிங்கம்புணரியிலருந்து ஆள் வரணும்."

பக்கவாட்டில் தூக்கி வைப்பது பின்னால் போவதாகாது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நம்ம வண்டி எதுக்குய்யா ஒதுங்கணும்? பெரிய வண்டி வந்தா சின்ன வண்டி ஒதுங்கணும்னு இருக்கா? அவுக சீருதான் சீரா?"

அது நியாயமான கேள்வி. அப்போதுதான் பெரியம்மா இறங்கினார். அந்த வண்டியிலிருந்து இறங்க அவருக்கு நேரமாகும். நான் கையைக் கொடுத்தேன்.

"யாருய்யா ஒதுங்கச் சொன்னது?" என்றார். "தூக்குறோம்னுல்ல சொல்லுது அந்தத் தம்பி. நாலு ஆளு தோள் குடுத்துத் தூக்குறது யாரை? சாமியத் தூக்குவாக. மாப்பிள்ளையத் தூக்குவாக. இன்னைக்கு ஒங்க வண்டியத் தூக்குறோம்கிறோம். எங்க வண்டியப் பாருங்க, கல்லு உரலு கணக்கா. இதைத் தூக்க ஆளு உண்டா?"

"பொணத்தையும்தான் தூக்குவாக" என்றார் பெரியவர்.

அவர் சொல்லியிருக்கக் கூடாது. தாம்பாளம் ஏந்தி நின்ற அவர் வீட்டுப் பெண்களே திரும்பினார்கள். "சீரு கொண்டு போறப்ப என்ன பேச்சுப் பேசுறீக" என்று ஒருத்தி. "இவுகள வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கணும்" என்று இன்னொருத்தி. "வயசானா வாய மட்டும் கட்டமாட்டாக." பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடைப்பக்கம் போய்விட்டார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது. பெண்கள் தாம்பாளங்களை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, காருக்குள் இருந்தவற்றையும் எடுத்து வெளியே வைத்தார்கள்.

ஆள் எண்ணினோம். அவர்கள் பக்கம் ஆறு பேர். எங்கள் வேனிலிருந்து மூன்று பேர், நான் ஒருவன். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பக்கத்துக்குப் பத்துப் பேராவது வேண்டும். பின்பக்கம் லேசு. இருந்தாலும் மேடை அரை அடி உயரம். இன்னும் ஒருவர் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் மாமன் வண்டியிலிருந்து இறங்கினார். கடிகாரத்தையும் மோதிரங்களையும் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். உருமாலைக் கழற்றினார். பட்டுச் சட்டையையும் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றார்.

"மாமா, பம்பரப் புடிக்காதீக" என்றார் எதிர் மாமன். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனால் முறை வைத்தாயிற்று. "அது கையோட வந்துரும். அடியில புடிங்க."

"மாப்பிள்ளை எத்தனை வருசமா ஓட்டுறீக?"

"பதினோரு வருசம். எங்கயும் நின்னதில்ல. இன்னைக்குத்தான் நிக்கிது, அதுவும் ஒங்களாலதான்."

கொட்டுக்காரர்களில் ஒருவர் தானாகவே சாமி புறப்பாட்டுக்கு அடிக்கிற அடியை ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தால் தூக்க முடியாது. ஒரு நிமிடம் பொறுத்துத்தான் குனிந்தோம். முன்பக்கம் எழுந்தது. இரண்டு அடி எடுத்து வைத்து, மேடைமேல் இறக்கினோம். பிறகு எல்லாரும் சுற்றி வந்து பின்பக்கம். அது காற்று மாதிரி வந்தது.

எத்தனையோ வருடம் ஓட்டிய கார்தான் அந்த வகை. ஆனால் கையில் தூக்கியது அன்றுதான். மெல்லிசுத் தகரம் என்று நான் இளப்பமாகப் பேசியிருக்கிறேன். அதே மெல்லிசுதான் பதினோரு பேர் தோளுக்கு அடங்கியது. மணற்காற்றில் என்னைக் காப்பாற்றிய கனம் இந்தக் கரையில் ஒரு சுமையாக நின்றது. வண்டியை இடத்தோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும் போலிருக்கிறது.

பெரிய வண்டியை எடுத்தேன். பக்கக் கண்ணாடிகளை மடக்கினேன். இந்தப் பக்கம் நாலு விரற்கடை, அந்தப் பக்கம் நாலு விரற்கடை. உள்ளே எல்லா மணியும் ஒரேயடியாகக் கத்தின. இடிக்கப் போகிறாய், விழப் போகிறாய், கதவு சரியாகச் சாத்தவில்லை, தேங்காய்க்குப் பக்கத்தில் யாருமில்லை. எதிர் மாமன் முன்னால் பின்னோக்கி நடந்தபடி கையைக் காட்டிக்கொண்டே வந்தார். ஊர்ந்து கடந்துவிட்டேன். வேனும் கடந்தது. கிடாய் மட்டும் சன்னலில் தலையை நீட்டி எல்லாரையும் பார்த்தது.

மணி பத்து ஐந்து. மாமன் ஏறிக்கொண்டால் பத்து நிமிடத்தில் கோயில். கதவைத் திறந்து பிடித்திருந்தேன். அவர் வரவில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"என்னங்க, ஏறுங்க. அவுகளே இறக்கிக்கிருவாக" என்றார் மனைவி.

"ஓட்டி இறக்குனா அடி தட்டிரும், தூக்க ஆறு பேரு பத்தாது. ஏத்தும்போதே பாத்தேன். சாஞ்சிருச்சுன்னா அவுக சீரு நின்னுபோகும்."

"நம்ம பத்தரை?"

மாமன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து அடியில் கையைக் கொடுத்தார். நானும் வேன்காரர்களும் திரும்பிப் போய்க் கையைக் கொடுத்தோம். இறக்குவது ஏற்றுவதைவிடக் கஷ்டம். ஒருமுறை சாய்ந்தது, மாமன் தோளைக் கொடுத்துத் தாங்கினார். கார் சாலையில் இறங்கியபோது மணி பத்து பதினைந்து. எதிர் மாமன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "போங்க மாமா, போங்க. மருமகளுக்கு நல்லாக் குத்துங்க" என்றார். அதற்குமேல் பேச நேரமில்லை. பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மீதிக் கரையை நான் எப்படி ஓட்டினேன் என்று பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குழியும் கல்லும் அந்த வண்டிக்கு ஒரு பொருட்டில்லை. மிதந்துகொண்டு போயிற்று. அந்த ஐந்து நிமிடத்துக்காகவாவது அதைச் செய்தவர்கள் நன்றாயிருக்க வேண்டும்.

கோயிலில் மேளம் நின்றிருந்தது. சாமியானாவுக்குக் கீழே மனை போட்டு, அருகே காது குத்துகிற ஆசாரி தம் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். பட்டுப் பாவாடை கட்டிய குழந்தை, தலையில் சந்தனம். மாமன் இறங்கினார். சட்டையைப் போட மறந்திருந்தார். தோளில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய். தாம்பாளம் எடுக்க வேன் வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அண்ணனைவிட உயரம், அதே மூக்கு.

இரண்டு பேரும் நின்றார்கள்.

"கரையில நின்னுட்டீக" என்றார் தங்கை.

"எதிர ஒரு சீரு வந்துருச்சு."

"இங்கயிருந்து தெரிஞ்சுச்சு. என்ன நடக்குதுன்னு தெரியல. ஒன் அண்ணன் திரும்பப் போறாரு, இராகு காலம் வந்துரும், பிள்ளையோட பெரியப்பா மடியில ஒக்கார வச்சுக் குத்திரலாம்னு எல்லாரும் சொன்னாக."

"நீ என்ன சொன்ன?"

"வண்டி மூஞ்சி இங்குட்டுத்தானே இருக்கு, இருங்கன்னேன்."

மாமன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "அப்பறம் பேசிக்கலாம். வந்து ஒக்காருங்க, நேரம் போகுது" என்று தங்கை முன்னால் நடந்தார்.

மனையில் உட்கார்ந்தார். குழந்தை அவரை இதற்கு முன் பார்த்த நினைவில்லாத குழந்தை. சட்டை இல்லாத, எண்ணெய் பூசிய ஆளின் மடியில் உட்காரத் தயங்கியது. பெரியம்மா தூக்கி உட்கார வைத்தார். ஆசாரி வலது காதைத் தடவி, பேசிக்கொண்டே இருந்து, பேச்சுக்கு நடுவே குத்திவிட்டார். குழந்தைக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் இடது காதும் முடிந்துவிட்டது. அப்போது அழுதது. மேளக்காரர்கள் அழுகை கேட்காதபடி வேகமாக அடித்தார்கள். பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருந்ததாக ஒருவர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மேளம் நின்றபோது குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து மாமன் முகத்தைப் பார்த்தது.

"ஒங்களுக்கும் குத்துனாகளா?"

"இல்லாத்தா."

"அப்ப ஏன் அழுகுறீக?"

மாமன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கார் இறக்கும்போது தகரம் கீறியிருக்கிறது, குறுக்கே ஒரு கோடு, ரத்தம் உறைந்திருந்தது. "கையில பட்ருச்சு" என்றார்.

தங்கை குனிந்து பார்த்தார். தாம்பாளத்திலிருந்து மஞ்சள்தூளை எடுத்து, அந்தக் கோட்டின் மேல் வைத்து, தம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பந்திக்கு வரச் சொல்லி யாரோ இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவர் விரலை எடுக்கவில்லை.